நாற்பத்தொரு பேரின் கண்கள்

தையற்கடைக்குள் கால் வைத்ததுமே தங்கைக்காரியின் தலையில் அக்கா இடியைப் போட்டாள். மாதக் கடைசியில் கடையைக் காலி செய்கிறாளாம். இடத்துக்காரரிடம் சொல்லியும் ஆகிவிட்டதாம்.

"கண்ணு போச்சுடி. கண்ண நம்பிப் பண்ற தொழில். அடுத்தவங்க துணிய வாங்கிக் கெடுக்கச் சொல்றியா?"

இருபத்திரண்டு வருஷக் கடை. கோட்டு, கால்சட்டை என்றால் மூன்று தெரு தாண்டி ஆள் வரும். கண் மருத்துவர் மூன்று முறை சோதித்து, மூன்று முறையும் பழுதில்லை என்று சொல்லியனுப்பியிருந்தார். அக்கா நம்பவில்லை. பிரியமாக வாங்கிய, பின்னால் விளக்கெரியாத, மின்னூல் படிக்கிற இ-இங்க் கருவியில் மூன்று மாதமாக ஒரு பக்கம்கூடத் தொடர்ந்து படிக்க முடியவில்லை, தலை விண்விண்ணென்று தெறிக்கிறது, இதில் பழுதில்லையாம் என்று மருத்துவரை ஒரு பிடி பிடித்தாள். பிடித்துக்கொண்டே, தையல் எந்திரத்தின் ஊசியில் கறுப்பு நூலைக் கோத்தாள். பேச்சும் நிற்கவில்லை, நூலும் தவறவில்லை. ஒரே தடவை.

தங்கைக்காரிக்கு அங்கேதான் பொறி தட்டியது. ஊசிக் காது தெரிகிற கண்ணுக்குப் புத்தகம் தெரியாமல் போகுமா?

அக்காவிடமிருந்து கருவியை வாங்கித் திறந்தாள். அவள் வேலை பார்க்கும் மின்னூல் நிறுவனம் வெளியிட்ட நாவல். சாம்பல் பக்கத்தில் எழுத்துகள் நகத்தால் கீறியது போல இருந்தன. குறுக்குக் கோடுகள் பாதி இடத்தில் இல்லவே இல்லை.

"எழுத்த பெரிசாக்கிப் பாத்தியாக்கா?"

"பாக்காம? பெரிசாக்குனா, பெரிய மங்கலா இருக்கு."

எழுத்துருவையே மாற்றலாம் என்று அமைப்புகளுக்குள் போனாள். அளவு மாறியது, எழுத்துரு மாறவில்லை. அவர்கள் நிறுவனம் அதைப் பூட்டி வைத்திருந்தது. வேறொரு நிறுவனத்தின் புத்தகத்தைத் திறந்து, அதில் சற்றுத் தடித்த, கோடெல்லாம் ஒரே பருமனில் ஓடுகிற எழுத்தைத் தேர்ந்தெடுத்து நீட்டினாள். அக்கா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கடகடவென்று அரைப் பக்கம் வாசித்துவிட்டு, திகைத்துப்போய் நிறுத்தினாள்.

"அப்ப உங்க ஆபீஸ்ல ஏன்டி அப்படி எழுதுனாங்க?" என்று தன் கைபேசியை எடுத்துக் காட்டினாள். கடையின் பெயரில் புகார் அனுப்பியிருக்கிறாள். பதிலும் வந்திருக்கிறது: 'எங்கள் எழுத்துரு வல்லுநர்களால் தேர்வு செய்யப்பட்டது. தங்கள் கண்களைப் பரிசோதித்துக்கொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.'

தங்கைக்காரி அந்தப் பதிலை இரண்டாம் முறை படித்தாள். வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. அந்த வாசகத்தை அழகாக இருக்கிறதென்று ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அதையே தட்டிவிட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான். 'தையற்கடை' என்று வந்த கடிதத்தில் யார் என்றுகூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு வாய் திறக்கவும் தைரியம் வரவில்லை. நாளை சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் காலை அலுவலகத்தில் எண்ணினாள். நாற்பத்தொரு கடிதங்கள். நாற்பத்தொரு பேருக்கும் கண் சரியில்லை என்று அவளே தீர்ப்பெழுதியிருந்தாள்.

அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்த லட்சணமும் நினைவுக்கு வந்தது. கூட்ட அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, சுவரளவு திரையில் ஒரே ஒரு வரியைப் போட்டுக் காட்டினார் வடிவமைப்பாளர். எதுவும் மெலிந்திருந்தால்தான் அவருக்குப் பிடிக்கும் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சன்னம். பின்னாலிருந்து விளக்கெரிகிற திரையில் அந்த வரி மின்னியது. எல்லோரும் கை தூக்கினார்கள், அவளும்தான். படிக்கப்போகிற கருவியை யாரும் கொண்டுவரவே இல்லை.

மேலாளர் அறைக்குள் அவள் கருவியோடு நுழைந்தபோது சன்னமும் அங்கேதான் இருந்தார். ஜன்னல் ஓரமாக வந்து ஒரே ஒரு பக்கம் வாசிக்கும்படி மேலாளரைக் கேட்டாள். அவர் முதல் வரியைச் சிரித்துக்கொண்டே படித்தார். மூன்றாவது வரியில் கருவியைத் தள்ளிப் பிடித்தார். ஐந்தாவது வரியில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஏழாவது வரியில் கீழே வைத்துவிட்டு, போன வருஷமே கண்ணைக் காட்டியிருக்க வேண்டும் என்று முணுமுணுத்தார்.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு சார். நம்ம எழுத்துதான் தெரியல."

அந்த எழுத்தின் நளினமே மெலிவில்தான் இருக்கிறது, கருவிதான் இன்னும் வளர வேண்டும் என்று சன்னம் ஆரம்பித்தார். வாசகர்கள் நளினத்தைப் பார்க்கக் காத்திருக்கவில்லை, கதையில் அடுத்து என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ளத்தான் காத்திருக்கிறார்கள் என்று அவள் வெட்டினாள். மேலாளர் சமாதானத்துக்கு வந்தார். பூட்டை எடுத்துவிடலாம், அவரவருக்குத் தோதான எழுத்தை அவரவர் வைத்துக்கொள்ளட்டும், ஆனால் சத்தமில்லாமல் செய்வோம் என்றார். அந்த நாற்பத்தொரு பேருக்கு மன்னிப்புக் கடிதம் போக வேண்டும் என்றதும் அவர் முகம் மாறியது.

"தப்புன்னு எழுத்துல ஒத்துக்கக் கூடாதும்மா. நிறுவனத்துக்கு அழகில்ல."

"கண்ணு கெட்டுப்போச்சுன்னு மட்டும் எழுத்துல சொல்லலாமா சார்?"

அவர் அனுமதிக்கவில்லை. அவள் இருக்கைக்குப் போய்த் தன் பெயரைப் போட்டே எழுதினாள்: 'உங்கள் கண்ணில் குறையில்லை. பிழை எங்களுடையது. கண்ணைக் குறை சொல்லிப் பதில் எழுதியவள் நான்.' நாற்பத்தொரு முறை அனுப்பினாள். வருவது வரட்டும்.

சாயங்காலம் போனபோது அக்கா தேய்ப்புப் பெட்டியும் கையுமாக நின்றாள். கடிதத்தைப் படித்திருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை.

"காலர் கோணலாப் போனா, நான் பிரிச்சுத் தைப்பேன்டி. போட்டவங்க கழுத்து கோணல்னு சொல்ல மாட்டேன்."

"தெரியாமப் பண்ணிட்டேன்க்கா."

"தெரியாதுன்னா கேக்கணும். மூணு மாசம். எத்தன பேரு துணியோட வாசல்ல வந்து நின்னு, நான் வாங்காம திரும்பிப் போனாங்க தெரியுமா? காலைல எந்திரிச்சதும் சுவத்துல இருக்கற கடிகாரத்தப் பாத்து, இன்னைக்கு முள்ளு தெரியுதான்னு சோதிச்சுக்கிட்டு இருந்தேன்." தேய்ப்புப் பெட்டியை அழுத்தி இழுத்தாள்.

இடத்துக்காரர் நேற்றே வேறு ஆளுக்குக் கடையைக் காட்டிவிட்டார் என்றாள். தங்கைக்காரி பதறிப்போய், உடனே அவரிடம் பேசு என்று கைபேசியை எடுத்து நீட்டினாள். அக்கா கையை நீட்டவில்லை.

"நான் ஏன் பேசணும்? கண்ணு போச்சுன்னு சொன்னது நீ. நீயே பேசு."

தங்கைக்காரி எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டிருந்தது. மறுமுனையில் இடத்துக்காரர் எடுத்து, யார் பேசறது என்றார்.

"தையற்கடை அக்காவோட தங்கச்சி பேசறேங்க," என்றாள். அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "அக்கா கண்ணுல ஒண்ணுமில்லீங்க. நான்தான் பொய் எழுதிட்டேன்," என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.