கோட்டுப் போட்ட படம்

வேலை தேடும் தளத்தில் போடுவதற்காகச் சித்தூர் ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டேன். கோட்டு ஸ்டுடியோக்காரருடையது, முடியும் மீசையும் என்னுடையவை.

இரண்டு வருடம் யாரும் சீண்டவில்லை. பிறகு ஒரு டெல்லிக் கம்பெனி, வீடியோவில் நேர்காணல் என்று மெயில் அனுப்பியது. என் நைனாவுக்கு அதுவே வேலை கிடைத்த மாதிரி. எனக்கு வேலை வந்தால் என் முடியைக் கொடுப்பதாக வேண்டியிருந்தவர், மறுநாளே திருமலைக்கு இழுத்துப்போய் மொட்டை போடவைத்தார். மீசையும் போயிற்று.

நேர்காணல் எடுத்த பெண் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவருக்குப் பதிலாக நீங்கள் வந்திருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

வேண்டுதல், திருப்பதி என்று உளறினேன். இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நைனா என் தலையைத் தடவினார்.

"உடுடா. முடி மொளைக்கட்டும். இன்னொருவாட்டி வேண்டிக்கலாம்."