ஆறு பனிக்காலம் கண்ட வார்

மார்லிஸுக்கும் அவள் தம்பி வெர்லினுக்கும் மான் வேட்டை தொடங்குவது நவம்பரில் என்றாலும், சண்டை தொடங்குவது செப்டம்பரில். அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு இருவரும் காட்டுக்குப் போய், மான் சுட உட்காருவதற்காக மரங்களில் கட்டியிருக்கும் பரண்களைப் பார்த்துவிட்டு வருவார்கள். மார்லிஸுக்கு ஐம்பத்தேழு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். தினமும் வண்டியை எடுக்குமுன் டயரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிற ரகம். வெர்லின் அவளுக்கு மூன்று வயது இளையவன். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றும் லாரி ஓட்டுகிறான். ஓடிக்கொண்டிருக்கிற எதிலும் கை வைக்கக் கூடாது என்பது அவன் கொள்கை.

மார்லிஸ் தன் பரணை வருடாவருடம் இறக்கிக் கொட்டகையில் வைத்துவிடுவாள். வெர்லினுடையது பெரிய ஓக் மரத்தில், பதினெட்டு அடி உயரத்தில், ஆறு வருடமாக அப்படியே இருந்தது. அன்று அவள்தான் முதலில் ஏணியில் ஏறிப் பார்த்தாள். பரணை மரத்தோடு பிடித்திருந்த நைலான் வார் ஒரு காலத்தில் கறுப்பாக இருந்தது. இப்போது சாம்பல் நிறம். மரம் பருத்ததில் இறுகிப்போய், ஓரத்தை அணில் வேறு கடித்திருந்தது.

“இது வெளுத்துப் போச்சுடா. மடக்கினா மாவு மாதிரி உதிருது,” என்றாள் மேலிருந்தபடி.

“எனக்கும்தான் தலை வெளுத்துப் போச்சு. நான் வேலைக்குப் போகலையா?”

“உன் மேல யாரும் ஏறி உக்காரலையே.”

“என் பொண்டாட்டியைப் பத்தி உனக்குத் தெரியாதுக்கா.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் பரணின் சட்டத்தில் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டு இறங்கினாள். கயிற்றை இழுத்துப் பார்ப்பது வெர்லினின் யோசனை. பரண் விழுந்தாலும் தலையில் விழாதபடி இருவரும் தள்ளி நின்று, கயிற்றைப் பிடித்து, முழு எடையையும் போட்டுச் சாய்ந்து இழுத்தார்கள். மரம் முனகியது. பரண் அசையவில்லை.

“பாத்தியா? ரெண்டு பேருமாச் சேர்ந்து நானூத்தம்பது பவுண்டு.”

“என் எடையை நீ போடாதே.”

அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாம்தான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறோமோ என்று தோன்றியது. ஆனாலும் அவன் ஏணியில் கால் வைக்கப் போனபோது குறுக்கே நின்றுகொண்டாள்.

“சேஃப்டி பெல்ட்டை மாட்டிக்கிட்டு ஏறு.”

“வயித்தைப் பிடிக்குதுக்கா.”

“பிரிச்சே பாக்காம எப்படிடா பிடிக்கும்? ரெண்டு வருஷம் முன்னாடி பொறந்த நாளுக்குக் கொடுத்தேன். உன் வண்டி சீட்டுக்கு அடியில கவரோட கிடக்குது. பாத்துட்டுத்தான் வந்தேன்.”

மூன்று மணிக்கு அவர்கள் அணியின் கால்பந்து ஆட்டம். தர்க்கம் செய்ய நேரமில்லை என்று அவன் போய் எடுத்து வந்தான். தோளிலும் தொடையிலும் மாட்டி, திட்டிக்கொண்டே ஏறினான். மேலே போய், பெல்ட்டின் கயிற்றைத் தலைக்கு மேலே மரத்தைச் சுற்றிக் கட்டிவிட்டுப் பரணில் ஒரு கால் வைத்தான். பிறகு இன்னொரு கால்.

“இப்ப என்ன சொல்றே?” என்று கேட்டு, லேசாக ஒரு குதி குதித்தான்.

வார் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தத்தோடு அறுந்தது. பரண் கிளைகளில் மோதிக்கொண்டே போய்த் தரையில் விழுந்தது. வெர்லின் இரண்டடி சரிந்து, பெல்ட் பிடித்து நிறுத்த, மரத்தில் முகம் உரசத் தொங்கினான்.

மார்லிஸ் கத்தவில்லை. குழந்தைகள் நிறைந்த பேருந்து ஒருமுறை பனியில் வழுக்கியபோதும் அவள் கத்தவில்லை. நேராக ஏணியில் ஏறினாள்.

“கால் எங்கே வைக்கிறதுன்னே தெரியலைக்கா,” என்றான். குரலில் கிண்டல் போயிருந்தது.

“தேடாதே. காலைத் தளர விடு, நான் வைக்கிறேன்.” அவன் பூட்ஸைப் பிடித்து ஏணிப்படியில் வைத்து அழுத்தினாள். “இதுல நில்லு. இப்ப அடுத்த கால். அவசரமில்லை.”

கீழே வந்ததும் அவன் இலைச் சருகில் உட்கார்ந்து கன்னத்துச் சிராய்ப்பைத் தடவினான்.  அவள் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றப் போய்ப் பாதியைக் கீழே கொட்டினாள்.  அவன்தான் ஃபிளாஸ்கை வாங்கி ஊற்றிக் கொடுத்தான்.

“சொல்லுக்கா. திட்டணும்னா திட்டிடு.”

“வேற எந்த மரத்துலடா கட்டி வச்சிருக்கே?”

“ஓடைப் பக்கம் ரெண்டு.”

இரண்டையும் அன்றே இறக்கினார்கள். கீழே விழுந்ததோடு சேர்த்து மூன்று பரண்களின் வார்களையும் கத்தியால் துண்டு துண்டாக வெட்டி, யாரும் மறுபடி எடுத்துக் கட்டாதபடி குப்பைப் பையில் போட்டாள். ஆட்டத்தின் கடைசிக் கால்வாசியை வண்டி ரேடியோவில், பொரித்த பாலாடைக்கட்டியைத் தின்றுகொண்டே கேட்டார்கள். அவர்கள் அணி தோற்றது. வெர்லின் அதற்கும் வருத்தப்படவில்லை.

நவம்பரில், சீசனின் முதல் சனிக்கிழமை, மெல்லிய பனி விழுந்திருந்தது. புதுப் பரண், புது வார். ஆரஞ்சுச் சட்டைக்கு மேல் பெல்ட்டை மாட்டிக்கொண்டு வெர்லின் ஓக் மரத்தில் உட்கார்ந்தான். மார்லிஸ் முந்நூறு கஜம் தள்ளித் தன் மரத்தில் இருந்தாள். ஒன்பது மணிக்கு எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு மான் அவள் முன்னால் வந்து நின்றது. ஒரே குண்டில் விழுந்தது.

இறங்கி, மான் வந்த தடத்தைப் பனியில் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். தடம் ஓக் மரத்தின் காலடியை ஒட்டியே போயிருந்தது. மேலே வெர்லின் பெல்ட்டில் சாய்ந்து, வாய் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவள் மரத்தைத் தட்டினாள். “எழுந்திரு. இழுக்க ஆள் வேணும்.”

“சுட்டுட்டியா? எனக்குச் சத்தமே கேக்கலையே.” கண்ணைக் கசக்கிக்கொண்டு கீழே பார்த்தான். பனியில் தடம் தெரிந்தது. “என் மரத்துக்குக் கீழேயா?”

“உன் பூட்ஸுக்கு நேர் கீழே.”

 “நல்ல தூக்கம்க்கா,” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கி வந்தான். கொம்புப் பக்கத்தை அவனே பிடித்து வண்டிவரை இழுத்துக்கொண்டு போனான்.