சுவர் காயவில்லை

வாரம் முழுவதும் ஆஸ்பத்திரிச் சுவர்களுக்கு பெயிண்ட் அடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை என் மனைவியை வரைவேன். அவள் போய் ஆறு வருடம். இருக்கிற போட்டோக்களில் எல்லாம் யாரோ அதட்டி நிற்க வைத்தது மாதிரி விறைத்து நிற்கிறாள். அவள் சிரிப்பு இப்போதுதான் என் கைக்கு வந்திருந்தது. வந்தேறிய நாட்டில் என் கலை வளர்ச்சி அவ்வளவுதான்.

வேலையில் நிறம் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்ட பலகை ஒன்றின் பின்பக்கத்தில் அவளை வரைந்திருந்தேன். முன்பக்கத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவின் பழைய சாம்பல் நிறத்தைப் பிடிக்க நான் தீற்றிப் பார்த்த பதினான்கு பட்டைகள். பதினான்காவதுதான் பொருந்தியது.

மச்சினன் ஹோட்டல் வரவேற்பில் நிற்பவன். வாய் சும்மா இராது. அத்தான் பெரிய ஓவியர் என்று ஓவியக் காட்சிக்கூடம் நடத்தும் ஒரு அம்மாளிடம் அளந்து, வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான். அவர் என் மனைவியை இரண்டு நொடி பார்த்தார். பலகையைத் திருப்பினார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“என்னடா சொல்றாங்க?”

“பதினாலு பட்டையும் பதினாலு இழப்பாம் அத்தான். நாடு விட்டு நாடு வந்தவங்க மனசாம்.”

“ஆஸ்பத்திரி வராந்தான்னு சொல்லு.”

“சொல்லிட்டேன். அதுக்குத்தான் அழறாங்க.”

“அப்ப உங்க அக்கா?”

கேட்டுச் சொன்னான். “அது யாரோ ஒரு பொம்பள சிரிக்கிற படமாம். சுவர்ப் பக்கம் இருக்கட்டுமாம்.” பலகையைத் திருப்பி வைத்தபடி, “எப்படியோ, அக்காவும் கண்காட்சிக்குப் போறால்ல?” என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. எதுவும் வந்து வெகு நாளாகிறது. சரி என்றேன்.

பலகையை மாட்டப்போகும் காட்சிக்கூடத்துச் சுவருக்கு வெள்ளை அடிக்கும் வேலையும் எனக்கே வந்தது. திறப்பு விழாவன்று காலைதான் இரண்டாவது கோட் முடிந்தது. கை வைத்தால் ஒட்டாது. எதையாவது அழுத்திச் சாத்தினால் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாள் விடச் சொன்னேன். அழைப்பிதழ் போய்விட்டதாம். பலகையைச் சுவரோடு சேர்த்து ஸ்குரூ போட்டு முறுக்கினார்கள். இடைவெளி விட்டால் நிழல் விழுந்து சோகம் கெட்டுவிடுமாம்.

மாலையில் கோப்பையும் கையுமாக நாற்பது பேர்.

“உங்க படைப்புத் தத்துவம் என்னன்னு கேக்குறாங்க” என்றான் மச்சினன்.

என் கண் சுவரிலேயே இருந்தது. “முதல்ல காயணும். காயாததுமேல எதையும் சாத்தக் கூடாது.”

அவன் அவர்கள் மொழியில் சொன்னான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துப் பலகையை இறக்கினார்கள். இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. பட்டைகளில் ஒரு கீறல்கூட இல்லை என்று அம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. நான் பின்பக்கம் பார்த்தேன். நெற்றியும் ஒரு காதும் மிச்சம். சிரிப்பு சுவரோடு போயிருந்தது.

மறுநாள் காட்சிக்கூடத்திலிருந்து போன் வந்தது. சுவரில் ஏதோ கறை, பெயிண்டர் வர முடியுமா?

மச்சினனும் கூட வந்தான். சுவரைப் பார்த்ததும் கேட்டான்.

“பெயர்த்து எடுத்துட முடியாதா அத்தான்?”

“பொடியாத்தான் வரும்.”

ரோலரை நனைத்து ஒரு கோட் அடித்தேன். உதடு இன்னும் தெரிந்தது.

“இன்னொரு கோட் அடிக்கணுமா?”

“இது காயட்டும்” என்று காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.