நீங்க எடுங்க, இல்லீங்க நீங்களே எடுங்க

மாரியாத்தாள் அரிசி மூட்டையைத் தொட்டாள். சுப்பையனும் அதே மூட்டைக்குத்தான் வந்து நின்றான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கை கூப்பினார்கள்.

"நீங்க எடுங்க" என்றாள் அவள்.

"இல்லீங்க, நீங்களே எடுங்க" என்றான் அவன்.

அப்புறம் என்ன? இருவருமே மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் நடையைக் கட்டினார்கள். மழை பிடித்தது. வெளியில் கிடந்த மூட்டைகளெல்லாம் ஊறிப்போயின. ஊரே பட்டினியில் படுத்தது.

"போச்சு! மறுபடியும் போச்சு!" என்று இனியா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள்.

பயந்துவிட வேண்டாம், செத்தவர்கள் யாருமில்லை. மாரியாத்தாளும் சுப்பையனும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மலையூரின் குடிகள். வால்பாறைப் பக்கம் ஒரு காட்டு மேட்டில் பதினாலு பேரை இறக்கிவிட்டு, அவர்களை வைத்து ஒரு ஊரை உண்டாக்குவதுதான் விளையாட்டு. மரம் வெட்டு, வீடு கட்டு, சோறு ஆக்கு என்று யாருக்கு எந்த வேலை முதலில் என்று நாம் சொல்லலாம். ஆனால் இந்த மாதிரி விளையாட்டு எதுவானாலும் உயிர் இருப்பது சுமை தூக்குவதில்தான். வெட்டிய மரம் வெட்டிய இடத்திலேயே கிடந்தால் வீடு எப்படி எழும்பும்? அரிசி கிடங்குக்குள் போகாவிட்டால் அடுப்பில் எதை வைப்பது?

இதை இரண்டு வருஷமாகச் செய்துகொண்டிருப்பவர்கள் இரண்டே பேர். படம் போடுவது தனபால், குடிகளுக்குப் புரோகிராமில் புத்தி எழுதுவது இனியா. கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். கோயமுத்தூர் கணபதியில், மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பாலுசாமியின் பட்டறைக்கு மேல் மாடியில் ஒரே அறைதான் ஆபீஸ். சண்டை போட்டாலும் 'ங்க' போட்டுத்தான் போடுவார்கள், அப்படிப்பட்ட கூட்டாளிகள்.

அன்றைக்கு நாலு மணிக்குச் சென்னையிலிருந்து பொற்கொடி வருகிறாள். விளையாட்டுகளை வாங்கி வெளியிடும் கம்பெனியில் 'எடுத்துக்கறோம்' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்லும் ஆள் அவள்தான். அவள் வேண்டாம் என்றுவிட்டால் இனியா அன்று ராத்திரியே பெங்களூர் ரயிலேற வேண்டும். அங்கே ஒரு பேங்க் சாப்ட்வேர் கம்பெனியில் திங்கட்கிழமை வேலையில் சேர்வதாக அம்மா அன்புமணிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. மேஜைக்கு அடியில் நீலப் பெட்டி கட்டி முடிந்து தயாராக நின்றது. இனியாவுக்குப் போக மனசே இல்லை. அந்தப் பெட்டி காலில் படும்போதெல்லாம் அவளுக்கு அழுகை முட்டியது.

"எல்லாம் உங்களாலதானுங்க தனபால்!" என்றாள். "நம்மூரு மாதிரி மரியாதையா இருக்கோணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் மரியாதைன்னுதானுங்க சொன்னேன். பட்டினி கெடக்கச் சொன்னனா?"

உண்மை என்னவென்றால், அந்த மரியாதையை எழுதியது இனியாதான், அதுவும் அவன் சொல்லச் சொல்ல ரசித்து ரசித்து எழுதினாள். ஒரு மூட்டையைத் தூக்கப் போகிறவன் முதலில் அதைத் தன் பேருக்குப் பிடித்துவைத்துக்கொள்வான். இன்னொருவர் பக்கத்தில் வந்துவிட்டால் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பான். வந்தவரும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பார். வாசலில் இருவர் சந்தித்தாலும் இதே கதைதான். உள்ளே இருப்பவர் யாராவது 'வாங்க' என்று கூப்பிட்டால் மட்டும் வெளியே நிற்பவர் மறுபேச்சில்லாமல் நுழைந்தாக வேண்டும். எழுதியபோது இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது மூட்டைகள் அநாதையாகக் கிடந்தன!

"அந்த மரியாதைய மொத்தமா அழிச்சுப்போடறேன். மூட்டையாவது உள்ள போகட்டும்."

"அழிச்சுப்போட்டா அது எந்த ஊருங்க? எங்கயோ இருக்கற ஊரு." தனபாலின் முகம் சுருங்கிவிட்டது. "ஆனா அந்தப் பெட்டியப் பாத்தா உங்கள அனுப்பவும் மனசில்லீங்க. உங்க இஷ்டமுங்க."

அவள் அழிக்கக் கையை வைத்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கருமத்தம்பட்டிப் பக்கம் மேகம் கறுத்து இடி இடித்துக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீ கீ என்றது. தனபால் கீழே பட்டறைக்கு ஓடி, இரவல் பேட்டரி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினான். அந்த நேரம் பார்த்துப் பாலுசாமி மொட்டை மாடியில் தண்ணித் தொட்டியைப் பார்த்துவிட்டுக் கைவீசிக்கொண்டு இறங்கினார். குறுகல் படி. பாதியில் முட்டிக்கொண்டார்கள். இனியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எறங்குங்க" என்று தனபால் மூச்சு வாங்கச் சுவரோடு ஒண்டினான்.

'ஐயோ, இனி ரெண்டு பேரும் இங்கயே நிப்பாங்க' என்று இனியா நினைத்தாள்.

"அட, பாரத்தைக் கையில வெச்சுட்டு என்னங்க உபசாரம்?" என்ற பாலுசாமி வந்த வழியே திரும்பி, பேட்டரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "அக்கட்டப் புடிங்க. ம்... தூக்குங்க!"

இரண்டே தாவலில் பேட்டரி மேலே வந்துவிட்டது.

இனியாவுக்கு உச்சந்தலையில் யாரோ தட்டியது போலிருந்தது. அட மக்கு! நம்மூர் மரியாதையில் பாதியைத்தானே எழுதியிருக்கிறாள்? சுமையோடு வருபவருக்குத்தான் வழி. வெறுங்கையோடு இருப்பவர் ஒரு கை கொடுக்க வேண்டும். இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை!

"தனபால், எதையும் அழிக்க வேண்டாமுங்க! ஒயரை மாட்டுங்க, சீக்கிரம்!"

விரல்கள் பறந்தன. கை கூடக் கூட வேகமும் கூடட்டும் என்று ஆசையாக ஒரு வரி சேர்த்தாள். அவ்வளவுதான், ஒரு தடவை ஓட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே பொற்கொடி வந்துவிட்டாள்.

கருப்புச் சட்டை, கனமான தோள்பை, சிரிக்காத முகம். காபி வேண்டுமா என்று தனபால் கேட்டதற்கு, "அப்புறம் பாக்கலாம். முதல்ல கேமைக் காட்டுங்க" என்று தானே மவுஸைப் பிடித்தாள். இனியா நீலப் பெட்டியைக் காலால் மேஜைக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினாள்.

மலையூர் விழித்தது. பொற்கொடி எல்லோருக்கும் சுமை தூக்குவதையே முதல் வேலையாகக் கொடுத்தாள், விவரமானவள். மாரியாத்தாள் முதல் மூட்டையைத் தூக்கினாள். எதிரே வெறுங்கையோடு சுப்பையன் வந்தான். நின்றான், திரும்பினான், ஒரு மூலையைப் பிடித்தான். இனியா பெருமூச்சு விட்டாள்.

அதோடு நின்றிருக்கக் கூடாதா? மரம் வெட்டியவன் கோடாலியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். சமையல்காரி தெய்வாத்தாள் அடுப்பை அம்போ என்று விட்டுவிட்டு வந்தாள். ஒரே ஒரு மூட்டை, அதைச் சுற்றிப் பதினாலு பேர்! கை கூடக் கூட வேகம் கூட வேண்டுமே, கூடியது. மூட்டை கிளம்பிய வேகத்தில் புழுதி பறந்தது. அவிநாசி ரோட்டில் போட்டி போட்டுக்கொண்டு வரும் டவுன் பஸ் தோற்றது. கிடங்கில் தொப்பென்று போட்டார்கள், திரும்பி ஓடினார்கள், அடுத்த மூட்டையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இது... இப்படித்தான் இருக்கணுமா?" என்று பொற்கொடி கேட்டாள்.

"ஆமாங்க" என்றான் தனபால், இனியாவின் முகத்தைப் பார்க்காமலே.

தெய்வாத்தாளின் குழம்பு தீய்ந்து புகைந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூட்டை மேல் மூட்டையாகக் கிடங்கு நிறைந்தது. திரையில் மேகம் இறங்கிக்கொண்டே வந்தது. பொற்கொடி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

கடைசி மூட்டை. முதல் தூறல். பதினாலு பேரும் கிடங்கு வாசலுக்குப் பறந்து வந்து, சடக்கென்று நின்றார்கள்.

"நீங்க மொதல்ல போங்க."

"இல்லீங்க, நீங்க போங்க."

அடப் பாவமே! சுமை உள்ளவருக்கு வழி. பதினாலு பேர் கையிலும் சுமை! இனியா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். பெங்களூர் ரயில் அவள் காதுக்குள் கூவியது.

"ஐயோ, மழை வருதே! யாராவது ஒருத்தர் உள்ள போய்த் தொலைங்களேன்!" பொற்கொடி எழுந்து நின்று கத்தினாள். "சுப்பையா! போப்பா!"

சுப்பையன் போனான். அவள் சொல் கேட்டு அல்ல, அவனுக்குப் பசி, பசிக்கு முன்னால் எந்த மரியாதையும் செல்லாது. குழம்பு தீய்ந்துபோனதால் மூட்டையை விட்டுவிட்டுக் கிடங்குக்குள் நுழைந்து பச்சரிசியை ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டான். மென்றபடியே திரும்பிப் பார்த்தான். வாசலில் ஆட்கள்!

"வாங்க, வாங்க! உள்ள வாங்க!" என்றான், தன் சொந்த வீடு போல.

உள்ளே இருப்பவர் கூப்பிட்டாயிற்றே! பதின்மூன்று பேரும் மூட்டையோடு தடதடவென்று உள்ளே போய் விழுந்தார்கள். அவர்கள் பின்னால் மழை கொட்டியது. ஒரு மணி அரிசிகூட நனையவில்லை.

பொற்கொடி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று இனியா பயந்தே போனாள். சிரிப்பு! கண்ணீர் வர வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எத்தனையோ ஊரு நடத்திப் பாத்திருக்கேன்" என்றாள் மூச்சு வந்ததும். "எதுலயும் சுமை தூக்கறவங்களுக்காக நான் கத்தினதில்ல. குழம்பைப் பாத்துக்க மட்டும் ஒரு ஆளை நிறுத்துங்க. மத்தபடி இந்த மரியாதையில ஒரு வரிகூடக் கை வெக்காதீங்க. நாங்க எடுத்துக்கறோம்."

தனபால் "ஏய்!" என்று போட்ட கூச்சலில் கீழே பட்டறையில் மோட்டார் சத்தம் நின்றது. இனியா சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

போன் அடித்தது. அம்மா.

"ஏங் கண்ணு, ரயிலுக்குக் கெளம்பிட்டயா?"

"இல்லீங்ம்மா. நம்ம ஆட்டத்தை எடுத்துக்கிட்டாங்க. நான் போகலைங்ம்மா."

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அப்ப சரி. பெட்டிக்குள்ள பருப்புப் பொடி வெச்சிருக்கறேன். கொட்டிப்போடாம எடுத்துட்டு வா" என்றாள் அன்புமணி.

இனியா நீலப் பெட்டியைத் தூக்கினாள். தனபால் வந்து ஒரு பக்கம் பிடித்தான். பொற்கொடி தோள்பையை மாட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலே அடியில் ஒரு கை கொடுத்தாள். கூச்சல் கேட்டு மேலேறி வந்த பாலுசாமி படியில் பின்பக்கமாகவே இறங்கியபடி முன்மூலையைத் தாங்கினார். ஒற்றைப் பெட்டிக்கு நாலு பேர்!

"மழையில நனையாமப் பாத்துப் புடிங்க" என்றார் அவர். "ஏனுங்க அம்மணி, ஸ்டேஷனுக்குத்தானுங்களே?"

"இல்லீங்க" என்றாள் இனியா. "ஊட்டுக்குங்க."