கால்மாட்டில்

கடைசிப் பால் ஊற்றத் தம்ளரோடு உள்ளே வந்த புருஷனின் அண்ணன் நாகையாவைப் பவுனம்மாள் நிலைப்படியிலேயே மறித்தாள். தம்பிக்குக் கண் சொருகிவிட்டது, இன்னும் எதற்கு இழுத்தடிப்பது என்று கேட்டார் அவர்.

"சொருகல மாமா. எனக்குப் பதில் சொல்றாரு. எம்மவன் வாசு வரட்டும்."

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே தொழிலாளர் லயத்து வீட்டில் அவள் புருஷன் தம்புசாமி வாதம் அடித்துக் கட்டையாகக் கிடந்தார். நாக்கும் எழவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரெசர் தியாகராசாதான் விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு, புத்தி தெளிவாக இருக்கிறது என்றார். கண்ணைப் பக்கவாட்டில் ஓட்டும் நரம்புப்பாதை மூளையின் அடித்தண்டில் அற்றுவிட்டதாம். மேலும் கீழும் ஓட்டுவது அதற்கு மேலே வேறு பாதையாம், அது தப்பிவிட்டதாம். குரங்குக்கும் பூனைக்கும்கூட இதே அமைப்புதான் என்று வேறு சொன்னார். பூனை எப்படிப் பார்த்தால் பவுனம்மாளுக்கு என்ன? ஆமென்றால் மேலே பாருங்கள் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, வாசுவை வரச்சொல்லட்டுமா என்று கேட்டாள். கண் மேலே போனது.

அப்பா கெஞ்சி வாங்கித் தந்த ரயில்வே வேலையை உதறிவிட்டுக் கிள்ளான் துறைமுகத்துக்குப் போனவன் வாசு. இனி என் முகத்தில் முழிக்காதே என்று அனுப்பியவர் இவர்தான். ஒவ்வொரு ரயில் ஊதும்போதும் பவுனம்மாள் வாசலுக்கு ஓடினாள். அடுப்பில் வைத்த கஞ்சி அடிப்பிடித்தது.

அவள் குழாயடிக்குப் போயிருந்தபோது அவன் வந்துவிட்டான். பாயின் இந்தப் பக்கம் உட்கார்ந்து கூப்பிட்டான், அந்தப் பக்கம் போயும் கூப்பிட்டான். அப்பா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவம் போகலம்மா. திரும்பிக்கூடப் பாக்கல. நான் போறேன்" என்று வெளியே வந்தவனின் சட்டையை, குழாயடியிலிருந்து திரும்பிய பவுனம்மாள் கொத்தாகப் பிடித்தாள்.

"அவருக்குக் கண்ணு பக்கத்துல திரும்பாதுடா. கால்மாட்டுல வந்து நில்லு."

நின்றான். கூரையிலிருந்த கண் மெல்லக் கீழே இறங்கி அவன் முகத்தில் நின்றது. நின்ற கண்ணில் நீர் வழிந்தது. பவுனம்மாளுக்குப் பெற்ற வயிறு குளிர்ந்தது.

பொழுது சாயும்போது மூச்சு இளைத்தது. பிள்ளைதான் ஊற்றவேண்டும், பக்கத்தில் வா என்று நாகையா தம்ளரை நீட்டினார். வாசு அசையவில்லை.

"நீ ஊத்தும்மா. நான் நகந்தா அவருக்குத் தெரியமாட்டேன்."

அவள் ஊற்றினாள். பால் கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது.

கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. பெண்கள் குரலெடுத்து அழத் தொடங்கினார்கள். வாசு முகத்தை நேராக வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றான். இனி நகரலாம் என்று அவனிடம் சொல்லப் பவுனம்மாளுக்கு வாய் வரவில்லை.