ஹஃபீலா வீட்டு அட்டை

கணவரை இழந்த ஹஃபீலாவின் இத்தா முடிந்த அன்று காலை, தில்லையடியில் அவளுடைய வீட்டுக்குள் சத்தம் நின்றுபோனது. குழாயில் தண்ணீர் விழுந்தது, சத்தம் விழவில்லை. அவளுடைய உம்மா ஹிதாயா தேங்காய் உடைத்தார். அது இரண்டாகப் பிளந்ததைக் கண் கண்டது, காது காணவில்லை. தனக்குச் செவிடு விழுந்துவிட்டது என்று உம்மா அழுதார். மகளும் அழுதாள். இரண்டு பேர் அழுததும் ஒருவருக்கும் கேட்கவில்லை. பாண்காரனின் ஓட்டோ தெருவால் போனபோது உம்மா கேற்றைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். ஓட்டோவின் பாட்டு, மோட்டார்ச் சைக்கிள், யாரோ யாரையோ ஏசுவது எல்லாம் ஒன்றாக வந்து காதில் இடித்தன. காலை உள்ளே எடுத்தார், ஒன்றுமில்லை. ஆக, பழுது காதில் இல்லை, வீட்டில்தான் என்று அன்றே முடிவாயிற்று.

அட்டைகள் மறுநாள் வந்தன. ஹஃபீலாவின் தம்பி அஸ்ஜத், பாலாவியில் உப்பு லொறி ஓட்டத் தொடங்கி இப்போது சொந்தமாக லொறிகள் வைத்திருப்பவன், செய்தி கேட்டு ஓடிவந்து குசினி வாசலில் நின்று வாய் வலிக்கப் பேசினான். கை ஒரு பக்கம் ஆடியது, தாடி ஒரு பக்கம் ஆடியது, ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. பேசி முடித்ததும் ஃபிரிட்ஜுக்கு மேலே, சுவருக்கு ஒரு சாண் முன்னால், அந்தரத்தில் ஒரு கறுப்பு அட்டை நின்றது. ஓரமெல்லாம் கொடி படர்ந்த மாதிரி வெள்ளைக் கோடு, நடுவில் வெள்ளை எழுத்தில் ‘ஊர்ல கதைப்பாங்க’ என்று இரண்டே சொல். ஆறுதலாக இரண்டு தரம் வாசிக்கும் நேரம் நின்றுவிட்டு மறைந்தது. அஸ்ஜத் சொன்னது அதுவல்ல. மின்கம்பி, ஜின், பக்கத்து வளவுக் கிணறு, தன் நெஞ்செரிவு என்று ஆயிரம் விசயம் சொல்லியிருந்தான். திரும்பவும் முதலிலிருந்து பேசினான். அட்டையும் திரும்ப வந்து அதையே சொன்னது.

ஹஃபீலா மட்டும் ஆச்சரியப்படவில்லை. அவளுக்கு அந்த அட்டையைத் தெரியும். கணவர் ஜௌபர் மாரடைப்பில் மௌத்தான பிறகு, முறைப்படி நான்கு மாதமும் பத்து நாளும் அவள் பின்னறையில் இத்தா இருந்தாள். வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. பிள்ளை குட்டியும் இல்லை, பகல் நகர மாட்டேன் என்றது. மையத்து நடந்த வீட்டில் படச் சத்தம் கேட்டால் நன்றாயிராது என்று, சத்தமே இல்லாத படங்களாகத் தேடிப் போனில் பார்க்கத் தொடங்கினாள். நூறு வருசத்துக்கு முன்னர் ஹொலிவூட்டில் எடுத்த ஊமைப்படங்கள். அவற்றின் பின்னால் யாரோ ஒட்டியிருந்த பியானோவையும் அடைத்துவிட்டாள். மகள் போனில் யாசீன் ஓதுகிறாள் என்று உம்மா நினைத்துக்கொண்டார்.

அந்தப் படங்களில் ஆட்கள் மூச்சு விடாமல் பேசுவார்கள். பிறகு கறுப்பு அட்டை வரும், அதில் ‘நில்’ என்று இருக்கும். மிச்சப் பேச்சு எங்கே போனது? இந்தக் கேள்வி ஹஃபீலாவைப் பிடித்துக்கொண்டது. அட்டை விட்டுவிட்ட பேச்சை அந்த வாய்களைப் பார்த்துப் பார்த்துத் தானே எழுதினாள், வெள்ளைக்காரி வாய்க்குத் தில்லையடித் தமிழில். ஒரு படத்தில் கடற்கரை வெளிச்சவீட்டுக்காரனின் மனைவி தோணியில் ஏறும் புருசனைப் பார்த்து வெகுநேரம் பேச, அட்டை ‘போகாதே’ என்று மட்டும் சொன்னது. ஹஃபீலா அதற்கு, மண்ணெண்ணெய் முடிந்ததையும் பிள்ளைக்குச் சளி கட்டியிருப்பதையும் அவன் சட்டையில் பொத்தான் இல்லாததையும் சேர்த்து ஒரு பக்கம் எழுதினாள். ‘விடுபட்ட பேச்சு’ என்று முகநூலில் பெயரில்லாமல் ஒரு பக்கம் திறந்து போட்டாள். கனடாவிலிருந்தெல்லாம் வாசித்தார்கள், ‘அருமை ஐயா’ என்று எழுதினார்கள். ஐயா இல்லை என்று அவள் திருத்தப் போகவில்லை. ஒருமுறை இப்படியும் எழுதியிருந்தாள்: எந்தப் படத்தில் அட்டை குறைவோ அதுதான் நல்ல படம், ஆட்களுக்குள் விளங்கிவிட்டதை யாரும் அட்டையில் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஹஃபீலா வீட்டுக்குள் அட்டை வருகிறதாம் என்ற செய்தி தெருவில் இறங்கியது. மழைக்கு ஊர்ந்து வரும் அட்டை என்று நினைத்து, பக்கத்து வீட்டு சிபானா ஒரு பை உப்பு கொடுத்தனுப்பினாள். கற்பிட்டியிலிருந்து ஒரு வியாபாரி, கடலட்டையாக்கும் என்று ஐஸ் பெட்டியோடு வந்திறங்கி, கிலோ என்ன விலை போகும் என்று கேட்டார். வயர் பார்க்க வந்த சிங்களப் பொடியன் நிறைய விளக்கம் சொன்னான். அட்டை சிங்களத்தில் வந்து, தனக்கு இது ஒன்றும் விளங்கவில்லை என்றது. மீன்காரர் ஒரே ஒருமுறை உள்ளே வந்து பாரை மீனுக்கு விலை சொன்னார். அட்டை அதில் பாதியைப் போட்டது. அதன் பிறகு அவர் கேற்றைத் தாண்டவேயில்லை, வெளியே நின்றே நிறுத்துக் கொடுத்தார். பள்ளிவாசல் ஹாசிம் லெப்பை வந்து நெடுநேரம் ஓதினார், அட்டை வரவில்லை. எல்லாரும் முகத்தை முகம் பார்த்தார்கள். அவர் வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, “அதுக்கு என்னத்துக்கு அட்டை? கேக்க வேண்டியவனுக்குக் கேட்டிரிக்கும்” என்றார். அதோடு ஊர் அந்த வீட்டை அதன்பாட்டில் விட்டது.

விடாதவன் அஸ்ஜத்தான். இத்தா முடிந்த பெண் மறுநாளே கடைத்தெருவுக்குப் போகலாம், மார்க்கத்தில் ஒரு தடையும் இல்லை. ஆனால் வீட்டுப் பிரச்சினை தீரும்வரை தன் ராத்தா வெளியே வரவேண்டாம் என்று அவன் உம்மாவிடம் சொன்னான். உள்ளே சொன்னால் அட்டை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் உம்மாவைத் தெருவுக்குக் கூப்பிட்டு வைத்துச் சொன்னான். ஹஃபீலா ஜன்னலுக்குள் நின்று ஆடும் தாடியைப் பார்த்தாள். அவளுக்குப் பழகிய வேலைதான், விடுபட்ட பேச்சை அவளே நிரப்பிக்கொண்டாள். அவன் கெட்டவன் இல்லை. வாரம் தவறாமல் அரிசி, சீனி, பழம் என்று கொண்டுவந்து இறக்கினான். கேற்றுக்கு ஒரு புதுப் பூட்டும் அவன் செலவில்தான் வந்தது.

அந்தச் சாவி உம்மாவின் இடுப்பில் இருந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு சாவி உண்டு. தொண்ணூறாம் ஆண்டு, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னபோது, உம்மா வீட்டைப் பூட்டி, அடுத்த வீட்டுக் கனகம்மாவிடம் “போயிட்டு வாறம்” என்று சொல்லிவிட்டு, சிறுமி ஹஃபீலாவைக் கையில் பிடித்துக்கொண்டு புத்தளம் வந்தவர். அந்த வீட்டுக்குக் கதவும் இல்லை கூரையும் இல்லை என்று பிற்பாடு தெரிந்தும் சாவியை எடுக்கவில்லை. இப்போது இரண்டும் ஒரே முடிச்சில் கிடந்தன. குளிக்கும்போதும் அவிழ்ப்பதில்லை.

மாதங்கள் போயின, ஒரு நோன்பும் ஒரு ஹஜ்ஜுப் பெருநாளும் போயின. ஹஃபீலாவுக்குச் சுவர் தெரிந்தது, சுவருக்கு மேலே சிபானா வீட்டு முருங்கையின் நுனி தெரிந்தது, அவ்வளவுதான். அதைவிட அவளை அரித்தது வேறொன்று. அந்த வீட்டில் எல்லாருக்கும் அட்டை வந்தது. உம்மாவுக்கு வந்தது, சிபானாவின் கைக்குழந்தைக்குக்கூட ‘பால்’ என்று வந்தது. ஹஃபீலாவுக்கு மட்டும் ஒருநாளும் வரவில்லை. தம்பியிடம் சண்டை பிடித்தாள், உம்மாவிடம் கெஞ்சினாள், சுவரைப் பார்த்துக் கத்தியும் பார்த்தாள். வாய் அசைந்தது, ஃபிரிட்ஜுக்கு மேலே வெறும் சுவர். படத்துக்கு அவசியமில்லாத பேச்சுக்கு அட்டை போட மாட்டார்கள் என்பது அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்? அதுதான் அவளைக் கொன்றது. எழுதியும் காட்டினாள். உம்மா வாசித்தார், தலையாட்டினார், மடித்து அலுமாரிக்குள் வைத்தார். கடதாசியை மடிக்கலாம், அட்டையை மடிக்க முடியாது.

அப்படியிருக்கத்தான் கொழும்பிலிருந்து கீர்த்திகன் என்பவரின் செய்தி போனுக்கு வந்தது. வெள்ளவத்தையில் பழைய படங்கள் காட்டும் ஒரு சின்ன வட்டம் அவருடையது. ‘அன்புள்ள ஐயா, அடுத்த மாதம் அந்த வெளிச்சவீட்டுப் படத்தைப் பெரிய திரையில் போடுகிறோம். தொடங்குமுன் நீங்கள் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும்.’ ஹஃபீலா அந்தப் படத்தை உள்ளங்கை அகலத்தில் மட்டுமே கண்டவள். அந்த மனைவியின் முகம் ஒரு சுவர் அளவுக்கு வந்தால், விட்டுப்போன பேச்சில் இன்னும் எவ்வளவு தெரியும்? இதை ஒருமுறை பார்க்காமல் செத்தால் கண் மூடாது என்று அவளுக்குத் தோன்றியது. செய்தியை உம்மாவிடம் நீட்டினாள்.

உம்மா வாசித்துவிட்டுப் பேசத் தொடங்கினார். ஆண்கள் இருக்கும் இடம், பஸ்ஸில் தனியாக, மௌத்தான மனிசனின் மரியாதை, அஸ்ஜத்தின் கோபம் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும், கை அந்தந்தத் திசையைக் காட்டியது. நெடுநேரம் பேசி ஓய்ந்தார். அட்டை வந்தது: ‘எனக்குத் தனிய இரிக்கப் பயம்.’ உம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பவர் என்பதால் அவருடைய அட்டைகள் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். இரண்டு பேரும் வாசித்தார்கள். உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் உரிக்கப் போனார். ஹஃபீலா அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். இதுவரைக்கும் அவளுக்குக் கோபமாவது துணைக்கு இருந்தது. அந்த அட்டைக்குப் பிறகு கோபப்படவும் வழியில்லை, அஸ்ஜத் வாங்கிய பூட்டைவிட அது பெரிய பூட்டாகப் போய்விட்டது. கீர்த்திகனுக்கு அவள் வருவேன் என்றும் எழுதவில்லை, வரமாட்டேன் என்றும் எழுதவில்லை.

படம் காட்டும் சனிக்கிழமை விடிந்தது. சுபஹு தொழுதுவிட்டு ஹஃபீலா அபாயாவைப் போட்டாள், கைப்பையை எடுத்தாள், குசினிக்குள் வந்து நின்றாள். கேற் பூட்டியிருக்கிறது என்று தெரியும். பூட்டியிருந்தாலும் கேற்றடிவரைக்காவது போய் நிற்பது என்ற ஒரு வீம்பு. பிறந்ததிலிருந்து வீட்டை விட்டு இறங்கும்போதெல்லாம் எதைச் சொன்னாளோ அதையே சொன்னாள்:

“உம்மா, போயிட்டு வாறன்.”

வாய் அசைந்தது. அவள் திரும்பி நடக்குமுன், உம்மாவின் கண் தன்னைத் தாண்டிப் போவதைக் கண்டு அவளும் பார்த்தாள். ஃபிரிட்ஜுக்கு மேலே, கொடி போட்ட ஓரத்தோடு, அவளுடைய முதல் அட்டை நின்றது.

‘போறன்.’

ஒரு சொல். வீட்டை விட்டுப் போகிறவர் வாயில் வரக்கூடாத சொல். ஹஃபீலா உம்மாவிடம் ஓடினாள். அப்படிச் சொல்லவில்லை உம்மா, போயிட்டு வாறன் என்றுதான் சொன்னேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், திரும்பத் திரும்பச் சொன்னாள். அட்டை மறைந்து, திரும்ப வந்து, அதே சொல்லோடு நின்றது. உம்மா எழுத்துக்கூட்டி அதை வாசித்தார். தன் ஆயுளில் ‘போயிட்டு வாறம்’ என்று சொல்லிவிட்டு வராமலே போனவர் அவர். அந்த மூன்று எழுத்துக்கு முன்னால் அவர் நின்ற நேரம் நீண்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, ஒருவரும் பார்க்கவில்லை.

பிறகு உம்மா பேசினார். இவ்வளவு பேச்சை ஹஃபீலா அவர் வாயில் ஒருநாளும் கண்டதில்லை. அழுதார், ஏசினார், மகளின் முக்காட்டைச் சரிசெய்தார், மேலே பார்த்துக் கையேந்தினார். பேசிக்கொண்டே இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். பழைய சாவியைத் திரும்ப முடிந்துகொண்டு மற்றதை மகளின் கையில் வைத்து விரல்களை மூடினார். அட்டை அதன் பிறகுதான் வந்தது.

‘சாவி உன்னட்டயே இரிக்கட்டும்.’

கேற்றுக்கு வெளியே கால் வைத்ததும் ஹஃபீலாவுக்கு முதலில் கேட்டது தன் செருப்புச் சத்தம். பாலாவியில் கொழும்பு பஸ் ஏறினாள். நடத்துநரிடம் இடத்தைச் சொல்லும்போது குரல் துருப்பிடித்த கேற் மாதிரிக் கரகரத்தது. தன் குரலை இத்தனை மாதம் கழித்துக் கேட்டதில் கண் கலங்கி, சிலாபம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளவத்தையில் ஐயா ஒருவரை எதிர்பார்த்து வாசலில் நின்ற கீர்த்திகன் தடுமாறி, பிறகு சிரித்து, முன்வரிசையில் கதிரை போட்டார். ஹஃபீலா எழுந்து நின்று, பேச நினைத்ததெல்லாம் மறந்து, “அட்டை வரும்வரைக்கும் காத்திருக்காதீங்க, வாயைப் பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்தாள். வெளிச்சவீட்டுக்காரனின் மனைவி சுவர் அளவுக்கு வந்தாள். ஹஃபீலா கொட்டக் கொட்டப் பார்த்தாள். மண்ணெண்ணெய் இல்லை, சளி இல்லை, பொத்தான் இல்லை. தனிய இருக்கப் பயம் என்றுதான் அந்த வாய் அவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருந்தது. படம் முடியுமுன் எழுந்து பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

அந்த வீட்டில் இன்றைக்கும் சத்தம் இல்லை. கல்யாணத் தரகர்கள் சில பேச்சுகளை அங்கே வைத்துத்தான் முடிக்கிறார்கள், சீக்கிரம் முடிகிறதாம். அஸ்ஜத் இப்போதும் கேற்றுக்கு வெளியே நின்றே கதைக்கிறான். மாதம் ஒருமுறை ஹஃபீலா கொழும்பு போகிறாள், ஒவ்வொரு முறையும் ‘போறன்’ என்று அட்டை வருகிறது, உம்மா வெயிலா மழையா என்று பார்ப்பதுபோல அதைப் பார்த்துவிட்டுத் தேயிலை ஊற்றப் போகிறார்.

அந்த முதல் நாள், பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு அவள் தன் சாவியால் கேற்றைத் திறந்து உள்ளே வந்தபோது, உம்மா குசினி வாசலில் கதிரை போட்டு இருந்தார். மகளைக் கண்டு ஏதோ கேட்டார். ஹஃபீலா ஏதோ சொன்னாள். ஃபிரிட்ஜுக்கு மேலே ஒன்றும் வரவில்லை, இருவரும் அங்கே பார்க்கவும் இல்லை. மேசையில் சோறு மூடி வைத்திருந்தது. ஹஃபீலா கையைக் கழுவிவிட்டு வந்து இருந்தாள்.