மலைக்காகப் போன பல்

என் வீட்டுக்காரருக்குக் கைக்கடிகாரம் பழுது பார்ப்பது தொழில். பிடிவாதம் பிறவிக் குணம். எங்கள் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் இரண்டு கறுப்பு டேப் துண்டுகளை ஒட்டி வைத்திருந்தார். மேற்கே நிற்கும் மலையின் உச்சி அந்த இரண்டுக்கும் நடுவே வந்து உட்கார வேண்டும். தினமும் காலையில், அடுப்பில் பால் பொங்கினாலும், என்னை நகரச் சொல்லிவிட்டு ஒரு படம் எடுப்பார். மலையே தெரியாத மழை நாளிலும் படம் உண்டு.

படம் போனில் எங்கள் மகளுக்குப் போகும். அவள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அவள் கிளம்பியபோது அப்பாவுக்கும் மகளுக்கும் பெரிய சண்டை. கடையை அவள் எடுத்து நடத்த வேண்டும் என்பது இவர் கட்சி. அவள் கட்சி என்னவென்று இவருக்குத் தெரியாது. ஒரு வாக்கியத்தைக்கூட அவளை முடிக்கவிடவில்லையே. கடைசியில், இனிமேல் என்னோடு பேசாதே என்று கத்தினார். அவளும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், பேசவே இல்லை. கொஞ்ச நாள் கழித்து இவர் ஒரு மலையை அனுப்பினார், அவள் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினாள். வருஷக்கணக்காக அதுதான் அவர்களுடைய பேச்சுவார்த்தை. கட்டைவிரல் வராமல் இவர் கடை திறக்க மாட்டார். நடுவில் இருந்த எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். அழுததுதான் அதிகம்.

அப்போதுதான் எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா இன்னொரு மாடி கட்ட ஆரம்பித்தார். இவர் தெருவில் இறங்கி, மலையை மறைக்கிறவர்கள் உருப்படுவார்களா என்று ஆரம்பித்து, டாக்டரம்மாவின் பெயர்ப்பலகை வரைக்கும் திட்டித் தீர்த்தார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சுவர் அது பாட்டுக்கு எழும்பியது. ஒருநாள் படத்தில் மலை பாதி, சிமெண்ட் மூட்டை பாதி. அப்புறம் வெறும் சுவர். அதையும் அனுப்பினார். கட்டைவிரல் வரவில்லை. லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, கையில் கடிகாரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

மாடி கட்டி முடிந்ததும் பல் நாற்காலியை மேலே மாற்றினார்கள். அதன் எதிரே பெரிய ஜன்னல், ஜன்னல் நிறைய மலை. போய்க் கேளுங்கள், விடமாட்டார்களா என்றேன்.

"திட்டின வாயால எப்படிக் கேக்கிறது?" என்றார்.

கேட்கத்தான் முடியவில்லை. மறுநாள் காலையில் அதே வாயைத் திறந்து காட்ட முடிந்தது. தேங்காயைக் கடித்தே உடைக்கக்கூடிய மனுஷனுக்கு ஒருநாள் இடது பக்கம் கூச்சம், ஒருநாள் வலது பக்கம் குடைச்சல், ஒருநாள் ஈறு. டாக்டரம்மா கை கழுவத் திரும்பும் நேரத்தில் ஒரு படம். அந்த ஜன்னலிலும் இரண்டு கறுப்பு டேப் ஏறிவிட்டது. கட்டைவிரல் மறுபடி வர ஆரம்பித்தது. மயிரைக் கட்டி மலையை இழுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் பல்லைக் கட்டி இழுத்தார்.

ஒருநாள் தெருவில் டாக்டரம்மா என்னை நிறுத்தினார்.

"உங்க வீட்டுக்காரர் பல்லு எல்லாம் இரும்பும்மா. டேப் ஒட்டினது யாருன்னும் தெரியும். கேட்டிருந்தா சும்மாவே விட்டிருப்பேன்."

மகள் கதையை முழுக்கச் சொன்னேன். டாக்டரம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். உள்ளே கோணலாக முளைத்த ஞானப்பல் ஒன்று இருக்கிறது, என்றைக்கானாலும் எடுக்க வேண்டியதுதான் என்றார். தாராளமாக எடுங்கள் என்றேன். தெருவில் திட்டு வாங்கியவருக்கும் வீட்டில் திட்டு வாங்குகிறவளுக்கும் அந்த அளவுக்காவது உரிமை இல்லையா?

அந்தப் பல்லை எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இனி இங்கே வந்து பயனில்லை என்று டாக்டரம்மா அவரிடம் சொல்லிவிட்டார். மாட்டேன் என்றால் மலை போய்விடும். சரி என்றால் பல் போய்விடும். மறுநாள் பலியாடு மாதிரி கிளம்பிப் போனார்.

ஊசி போட்ட மயக்கத்தில், சரியாகப் பார்க்காமல் படத்தை எடுத்து அங்கிருந்தே அனுப்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் போனை வாங்கிப் பார்த்தேன். மலை இருந்தது. கூடவே நாற்காலியின் விளக்கு, கண்ணாடியில் விழுந்த அவருடைய முகம், கோணிப்போன வாய்.

அவர் பஞ்சைக் கடித்தபடி கட்டைவிரலுக்காகக் காத்திருந்தார். மணி அடித்தது. மகள் பெயரைப் பார்த்ததும் போனை என்னிடம் நீட்டினார். நான் பாத்திரம் கழுவும் கையைக் காட்டினேன். வேறு வழியில்லாமல் ஸ்பீக்கரைப் போட்டார்.

"அப்பா, வாயில என்ன? பல்லைப் பிடுங்கிட்டாங்களா? ரொம்ப வலிக்குதா?"

"ம்" என்றார்.

வழக்கமான திட்டு வெள்ளம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. பிறகு அவளே பேச ஆரம்பித்தாள். ஏன் கிளம்பினாள், என்ன வேலை, அவளுடைய அறை ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது. ஒரு சுவர்தானாம். காலையில் மலை வந்த பிறகுதான் எழுந்திருப்பாளாம். அப்பாவின் சுவர் வந்த அன்றைக்கு என்ன பதில் போடுவதென்று தெரியாமல் அழுதாளாம்.

நடுவில் ஒரு தடவை வாயைத் திறக்கப் பார்த்தார். நான் பஞ்சைக் காட்டினேன். மூடிக்கொண்டார். அவள் ஒரு வாக்கியத்தை முடித்தாள், அடுத்ததையும் முடித்தாள். இவர் கன்னத்தில் தண்ணீர் வழிய, "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பஞ்சைக் கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். மறுநாள் காலையில் மகளைக் கூப்பிடுவதற்கு முன்னால், இவர் வீடெல்லாம் தேடிப் புதுப் பஞ்சு ஒன்றை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.